30,000 ரூபாய்க்குள்: புது ஆண்ட்ராய்டா, பழைய ஐபோன் 13-ஆ? வேகம், புழக்கம், பேட்டரி பயம்

குண்டாறு கேட்டது:

அப்பாவுக்கு (68 வயது, ஊர் அருப்புக்கோட்டை) போன் வாங்கணும். பட்ஜெட் 30,000 ரூபாய். ரெண்டு யோசனை ஓடுது. ஒன்று, இந்த விலையில் 8 ஜிபி ரேம் உள்ள புது ஆண்ட்ராய்டு. இன்னொன்று, செகண்ட் ஹேண்டில் ஐபோன் 13, 128 ஜிபி.

வாட்ஸ்அப் (கோயில் குரூப், பென்ஷனர் குரூப், சொந்தக்காரங்க குரூப் என்று நாள் முழுக்க வீடியோ கொட்டும்), யூடியூப், ஜிபே, ஒரு பேங்க் ஆப், வீடியோ கால். இவ்வளவுதான் புழக்கம். ரெண்டு சிம், ரெண்டும் பிளாஸ்டிக் சிம். தமிழில் டைப் பண்ணுவார், பாதி நேரம் மைக்கை அழுத்திப் பேசிவிடுவார். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, மே மாசம் சூடு சொல்லி மாளாது.

மூணு கேள்வி. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு எது திணறாம ஓடும்? வயசானவர் கைக்கு எது பழகும்? ஐபோன் பேட்டரி வெடிக்காது, ஆண்ட்ராய்டு வெடிக்கும் என்று வீட்டில் ஒரே பேச்சு, அதில் எவ்வளவு நிஜம்?

"எது பெஸ்ட்" சண்டை வேண்டாம். காரணத்தோட சொன்னா போதும்.

---

சாலிடர்புகை பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் வர்றேன்.

நீங்கள் சொன்ன புழக்கத்துக்கு ரெண்டு போனிலும் பிராசஸர் தேவைக்கு மேலேயே இருக்கு. ரெண்டு வருஷம் கழித்துப் போன் திணறுவது பெரும்பாலும் ஸ்டோரேஜில்தான். அதுவும் வாட்ஸ்அப் குரூப் மூணு நாலு இருக்கிற போனில் கண்டிப்பாக அங்கேதான்.

ஃபிளாஷ் மெமரியில் (போனின் ஸ்டோரேஜ் சிப்) எழுதுவது சின்னச் சின்னப் பக்கமாக நடக்கும், ஆனால் அழிப்பது பெரிய பிளாக்காகத்தான் நடக்கும். காலி இடம் தாராளமாக இருந்தால் கன்ட்ரோலர் நேராகக் காலிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். 128 ஜிபியில் 122 நிறைந்துவிட்டால், புதுசாக ஒரு போட்டோ எழுதுவதற்கே பழைய பிளாக்கில் உயிரோடு இருக்கிற பக்கங்களை வேறு இடத்துக்கு நகர்த்தி, பிளாக்கை அழித்து, அப்புறம் எழுத வேண்டும். ஒரே ஒரு கட்டம் காலியாக உள்ள எண் நகர்த்தும் விளையாட்டு மாதிரி. கீபோர்டு வரத் தாமதம், கேமரா திறந்ததும் ஒரு நொடி கறுப்புத் திரை, ஜிபேயில் பின் போடும் பக்கம் தொங்குவது எல்லாம் இதன் அறிகுறி. ஐபோனுக்கும் இதே கதிதான், விதிவிலக்கு கிடையாது. 10 முதல் 15 சதவீதம் இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

அடுத்தது ஸ்டோரேஜ் வகை. ஐபோனில் என்விஎம்இ வகை, அதில் கவலை இல்லை. ஆண்ட்ராய்டில் பெட்டிமேல் "128 ஜிபி" என்று மட்டும் இருக்கும், வகை போட மாட்டார்கள். பழைய இஎம்எம்சி, புதிய யூஎஃப்எஸ் என்று ரெண்டு வகை உண்டு. இஎம்எம்சி 5.1 என்றால் வரிசையாகப் படிக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 300 எம்பிதான். யூஎஃப்எஸ் 2.2 என்றால் ஏறக்குறைய 1000, யூஎஃப்எஸ் 3.1 என்றால் 2000-ஐத் தாண்டும். வேக எண்ணைவிட முக்கியமான விஷயம் ஒன்று: இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும். யூஎஃப்எஸ் ரெண்டையும் ஒன்றாகச் செய்யும். பிளே ஸ்டோர் பின்னால் அப்டேட் போட்டுக்கொண்டிருக்கும்போது மலிவு போன் உறைந்து நிற்பதும், இன்னொன்று சாதாரணமாக ஓடுவதும் இதனால்தான். இஎம்எம்சி இன்றைக்கு மலிவு விலைப் போன்களில்தான் மிச்சம் இருக்கு. 30,000-க்கு வாங்கும்போது யூஎஃப்எஸ் 3.1 கேளுங்கள், 2.2-க்குக் கீழே இறங்க வேண்டாம். 256 ஜிபி கிடைத்தால் அதையே எடுங்கள். ரேமை 8-லிருந்து 12 ஆக்குவதைவிட இது பலன் தரும்.

பெட்டியில் "8+8 ஜிபி ரேம்" என்று அச்சடித்திருந்தால் பின்னாடி உள்ள 8 ரேமே இல்லை. ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் மாதிரிப் புழங்குவது. சாம்சங்கில் இதன் பெயர் ரேம் பிளஸ், பேட்டரி மற்றும் டிவைஸ் கேர் பகுதியில் மெமரிக்குள் இருக்கும். நிஜ ரேம் 8 இருந்தால் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம், எதுவும் குறையாது.

ஐபோன் 13-க்கு ரேம் 4 ஜிபிதான். பயப்பட வேண்டாம், ஐஓஎஸ்ஸில் ஆப் பின்னணிக்குப் போன சில நொடிகளில் அப்படியே உறைய வைக்கப்படும், சிபியூவைத் தொடாது. ஆண்ட்ராய்டில் ஆப்களுக்குப் பின்னணியில் ஓடச் சுதந்திரம் அதிகம், அதனால் ரேமும் அதிகம் வேண்டும். 4-ஐயும் 8-ஐயும் நேராக வைத்து ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. 4 ஜிபியில் தெரியும் குறை என்னவென்றால், நிறைய டேப் திறந்து வைத்தால் பழைய டேப் திரும்ப லோடாகும். அப்பா புழக்கத்துக்கு அது பொருட்டே இல்லை.

ஸ்க்ரீன்: ஐபோன் 13 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறும்), அந்த விலை ஆண்ட்ராய்டு 120. 60-ல் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிநொடி அவகாசம், 120-ல் 8.3தான். நல்ல நாளில் ஆண்ட்ராய்டு வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டோரேஜ் நிறைந்த நாளில் பிரேம் தவறி வெட்டி வெட்டி நகரும், அது 60 ஹெர்ட்ஸைவிடக் கண்ணை உறுத்தும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய், மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் வீடியோ, ஆடியோ, டாக்குமென்ட் ஆட்டோ டவுன்லோடை எடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மேனேஜ் ஸ்டோரேஜ் திறந்து "5 எம்பிக்கு மேல்", "பலமுறை ஃபார்வர்டு ஆனவை" ரெண்டையும் துடையுங்கள். ஆண்ட்ராய்டில் இன்னொரு மறைவிடம் உண்டு. வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் டேட்டாபேசஸ் என்ற ஃபோல்டரில் கடைசி ஏழு நாள் சாட் பேக்அப் தனித்தனி ஃபைலாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் 1 ஜிபி வந்தால் 7 ஜிபி காலி. தேதி போட்ட பழையதை ஃபைல்ஸ் ஆப்பில் அழிக்கலாம், தேதி இல்லாத ஃபைலைத் தொடாதீர்கள், அதுதான் கடைசி பேக்அப்.

ரீசென்ட்ஸை (கடைசியாகத் திறந்த ஆப்களின் பட்டியல்) திறந்து எல்லாவற்றையும் மேலே தள்ளி மூடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஆப் அடியிலிருந்து எழும்ப வேண்டியிருக்கும், வேகமும் போகும் பேட்டரியும் போகும். ஓஎஸ் அப்டேட் போட்ட முதல் ஒன்றிரண்டு நாள் ரெண்டு வகைப் போனும் சூடாகும், மெதுவாகும். ஆப்களைத் திரும்ப கம்பைல் செய்யும், போட்டோக்களை வகைப்படுத்தும். அந்த ரெண்டு நாளை வைத்து "அப்டேட் கெடுத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதுபவர்கள்தான் யூடியூபில் பாதிப்பேர்.

---

கடைசிபெஞ்சு பதில்:

ப்ரோ, டெவலப்பர் ஆப்ஷன் போய் அனிமேஷன் ஸ்கேல் மூணையும் 0.5 ஆக்குங்க, எந்த ஆண்ட்ராய்டும் பறக்கும். ஐபோன் எடுத்தா ரெண்டு வருஷத்துல கம்பெனியே அப்டேட் போட்டு ஸ்லோ ஆக்கிடுவான், அவனே ஒத்துக்கிட்டது. அவ்ளோதான்.

---

நூல்கண்டு பதில்:

அனிமேஷன் யோசனை சரி, ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து வைத்தால் சில பேங்க் ஆப் திறக்கவே மறுக்கும். சரி என்று டெவலப்பர் ஆப்ஷனை அணைத்தால் அனிமேஷன் ஸ்கேலும் பழையபடி 1-க்குப் போய்விடும். பேங்க் ஆப் உள்ள போனில் வேறு வழி: செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, அதில் ரிமூவ் அனிமேஷன்ஸ். சாம்சங்கில் ரெட்யூஸ் அனிமேஷன்ஸ் என்று இருக்கும். ஐபோனில் அக்சஸிபிலிட்டி, மோஷன், ரெட்யூஸ் மோஷன்.

இப்ப ரெண்டாவது கேள்வி. வயசானவர் கைக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம், இதில்தான் ரெண்டு தளத்துக்கும் நிஜமான வித்தியாசம் இருக்கு.

பின்னால் போவது. ஆண்ட்ராய்டில் கீழே மூன்று பட்டன் வைத்துக்கொள்ளலாம் (செட்டிங்ஸ், சிஸ்டம், நேவிகேஷன் மோட்; சாம்சங்கில் டிஸ்ப்ளே, நேவிகேஷன் பார்). எந்த ஆப்பாக இருந்தாலும் பின்பட்டன் அதே இடம். ஐபோனில் பல ஆப்பில் இடது ஓரத்திலிருந்து இழுக்கணும், சிலதில் மேல் இடது மூலை அம்புக்குறி, சிலதில் வலது மூலை "டன்", சிலதில் கீழ்நோக்கி இழுத்து மூடணும். இளசுகளுக்கு ஒரு வாரம் போதும். விரல் உலர்ந்து, நடுக்கமும் இருந்தால் ஓரத்து இழுப்பு அடிக்கடி தவறும். அசிஸ்டிவ்டச் என்ற மிதக்கும் பட்டன் வைத்து ஓரளவு சமாளிக்கலாம்.

ரெண்டு சிம். இங்கே விற்கும் ஐபோன் 13-இல் ஒரு நானோ சிம் டிரேதான், இன்னொன்று இசிம்மாகத்தான் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) போகும். அப்பாவின் ஒரு நம்பரை இசிம் ஆக்கணும். மாற்றிய பிறகு அந்த நம்பரை அவசரத்துக்கு வேறு பட்டன் போனில் போட முடியாது. பேங்கோடு இணைந்த நம்பரைப் பிளாஸ்டிக்கிலேயே விட்டு, மற்றதை இசிம் ஆக்குங்கள்.

தமிழ். ஆண்ட்ராய்டில் முழு மெனுவையும் தமிழுக்கு மாற்றலாம். ஜிபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சு, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாவது, விரலால் எழுதுவது மூன்றும் உண்டு. ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் தமிழ் 99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் உள்ளேயே இருக்கு. அடிப்பவருக்குத் தரமான கீபோர்டுதான். வேறு கம்பெனி கீபோர்டு போட்டாலும் பாஸ்வேர்டு கட்டம் வந்தால் ஐபோன் தானாக ஆப்பிள் கீபோர்டுக்குத் தாவும், அப்பா குழம்புவார். மைக்கில் தமிழ் பேசி எழுதுவது அவருக்குப் பாதி வேலை என்றால், வாங்கும் இடத்திலேயே அவரைப் பேச வைத்துப் பாருங்கள். இதை வைத்தே முடிவெடுக்கலாம்.

மெசேஜ் தாமதம். ஆண்ட்ராய்டின் பெரிய தலைவலி. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று சில பிராண்டுகள் வாட்ஸ்அப்பையே பின்னணியில் கொன்றுவிடும். போனைத் திறந்தால்தான் மெசேஜ் வரும், கால் மணியே அடிக்காது. ஆப் மேல் அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, பேட்டரி, அன்ரிஸ்ட்ரிக்டட் போடுங்கள். சாம்சங்கில் பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் உள்ளே போய் "நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங்" பட்டியலில் சேருங்கள். ஷாவ்மியில் ஆட்டோஸ்டார்ட்டையும் ஆன் செய்யணும். வாட்ஸ்அப்புக்கும் பேங்க் ஆப்புக்கும் மட்டும் செய்தால் போதும், எல்லாவற்றுக்கும் செய்தால் பேட்டரி தாங்காது. ஐபோனில் இந்தப் பிரச்சினையே இல்லை, எல்லா நோட்டிஃபிகேஷனும் ஆப்பிள் சர்வர் வழியாக ஒரே குழாயில் வருது.

சுலப முகப்பு: சாம்சங்கில் ஈசி மோட் (டிஸ்ப்ளேக்குள்), ஐகான் பெரிசாகும். ஐபோனில் ஐஓஎஸ் 17-இல் வந்த அசிஸ்டிவ் அக்சஸ் இன்னும் பெரிய மாற்றம், நாலைந்து பெரிய கட்டங்கள் மட்டும். ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் அதற்குள் வைத்து ஓட்டுவது வசதியாக இருக்காது, அப்பாவுக்கு அது தேவையும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வரும் மோசடி. அழுத்தி இன்ஸ்டால் செய்தால் எஸ்எம்எஸ் ஓடிபி போகும் வழி திறந்துவிடும். ஐபோனில் ஏபிகே ஓடாது. ஆண்ட்ராய்டு வாங்கினால் ஸ்பெஷல் ஆப் அக்சஸில் "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். பேட்டரி வெடிப்பதைவிட இது நடக்கிற வாய்ப்பு அதிகம்.

---

மின்னழுத்தம் பதில்:

கடைசிபெஞ்சு சொன்னதில் பாதி சரி. நடந்தது இது: 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தேய்ந்த ஐபோன் 6, 6எஸ், எஸ்இ போன்றவற்றில் பிராசஸரின் உச்ச வேகத்தைக் குறைத்தது. அந்த டிசம்பரில் வெளியே தெரிந்து, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-இல், பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் பேட்டரி ஹெல்த் பக்கம் வந்தது.

காரணம் மின்னியல்தான். பேட்டரி தேயத் தேய அதன் உள்மின்தடை ஏறும். கேமரா திறக்கும் கணத்தில் மின்னோட்டம் குதித்தால் வோல்டேஜ் சட்டென்று சரியும், 30 சதவீதம் காட்டும்போதே போன் அணையும். அதைத் தவிர்க்கத்தான் வேகத்தைக் கட்டினார்கள். சொல்லாமல் செய்ததுதான் குற்றம். இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டபோது, அதே நாளில் சாம்சங்குக்கும் கேலக்ஸி நோட் 4 அப்டேட்டுக்காக 50 லட்சம் யூரோ போட்டது. எனவே இது ஒரு தளத்துக்கு மட்டும் உரிய பாவம் இல்லை. புது பேட்டரி போட்டால் ஐபோனின் அந்த வேகக் கட்டுப்பாடு நீங்கிவிடும்.

இனி வெடிப்பு. வீட்டுப் பேச்சுக்கு மூலம் 2016-இன் கேலக்ஸி நோட் 7 என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் 19-இல் விற்பனை, செப்டம்பர் 2-இல் திரும்பப் பெறும் அறிவிப்பு, மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்ததால் அக்டோபர் 11-இல் உற்பத்தியே நிறுத்தம். 2017 ஜனவரியில் சாம்சங் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் ஏற்றி இறக்கிப் பார்த்துக் கண்டது: முதல் ஆலையின் பேட்டரியில், பையின் வலது மேல் மூலையில் இடம் போதாமல் எதிர்மின்வாய்த் தகடு மடங்கியிருந்தது. இரண்டாவது ஆலையின் பேட்டரியில், நேர்மின்வாய்த் தாவலைப் பற்றவைத்த இடத்தில் எழும்பி நின்ற உலோகப் பிசிறு காப்பு டேப்பையும் செப்பரேட்டரையும் (இரு தகடுகளையும் பிரிக்கும் மெல்லிய படலம்) துளைத்தது. சிலவற்றில் அந்த டேப்பே ஒட்டப்படவில்லை. ஒரே போன், ஒரே ஆண்ட்ராய்டு, இரண்டு ஆலை, இரண்டு வேறு பிழை. அந்த இரண்டாவது ஆலையான ஏடிஎல் ஆப்பிளின் சப்ளையர் பட்டியலிலும் உள்ள பெயர்.

ஆப்பிளும் முதல் தலைமுறை ஐபாட் நானோவை 2011-இலும், 15 அங்குல மேக்புக் புரோவை (2015 மாடல்) 2019-இலும் பேட்டரி சூட்டுக்காகத் திரும்பப் பெற்றது. கூகுள் 2025 ஜூலையில் பிக்சல் 6ஏ-வுக்குக் கட்டாய அப்டேட் அனுப்பி, 400 சார்ஜ் சுற்று (மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று) தாண்டிய போன்களில் பேட்டரிக் கொள்ளளவையும் சார்ஜ் வேகத்தையும் குறைத்தது, சூடேறும் ஆபத்துக்காக. ஓஎஸ்ஸுக்குப் பேட்டரிப் பாதுகாப்பில் பங்கு இருக்கும் இடம் இதுதான்: எந்த வோல்டேஜில், எந்தச் சூட்டில் நிறுத்துவது என்பது. உள்ளே உள்ள தகடும் செப்பரேட்டரும் ஆலையின் வேலை.

உங்கள் வீட்டில் நிஜமாகக் கவனிக்க வேண்டியது மூன்று: சூடு, சார்ஜர், பழைய செல்.

ஆப்பிள் தன் போனுக்குச் சொல்லும் சுற்றுச்சூழல் சூடு 0 முதல் 35 டிகிரி. அருப்புக்கோட்டையில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே அதைத் தாண்டும். அந்த அறையில், கவர் போட்ட போனை, மெத்தை மேல் வைத்து, வீடியோ கால் பேசிக்கொண்டே சார்ஜ் போடுவதுதான் பேட்டரியின் ஆயுளைத் தின்னும் சேர்க்கை. செல் 45 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலான போன்கள் சார்ஜைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். ஐபோன் "சூடு தணிந்ததும் சார்ஜ் தொடரும்" என்று சொல்லும். அது கோளாறு இல்லை, காவல். உடனே கவரைக் கழற்றித் தரையில் அல்லது கல் மேடையில் வையுங்கள், ஃபேன் காற்று போதும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, உள்ளே ஈரம் படியும். சார்ஜை அதிகாலைக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

வேக சார்ஜ் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. 80 வாட் சார்ஜரைச் செருகினால் 80 வாட் போனுக்குள் திணிக்கப்படாது. முதலில் 5 வோல்ட்தான் வரும், போனும் சார்ஜரும் பேசிக்கொண்டு எவ்வளவு என்று போன்தான் முடிவு செய்யும். 65 வாட்டுக்கு மேலே போகும் பல போன்களில் பேட்டரி இரண்டு செல்லாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் பாதிச் சுமை. தேய்மானம் கொஞ்சம் கூடும், ஆபத்து கூடாது, சூடு கட்டுக்குள் இருக்கும்வரை.

ஆபத்து வருவது சார்ஜருக்குள்ளே, 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில். மலிவு சார்ஜரில் அந்த இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் குறையும். டிரான்ஸ்பார்மரில் காப்பு மெல்லிசாக இருக்கும். சார்ஜ் போட்டிருக்கும்போது திரை தானாகத் தட்டுப்படுவது, விரலுக்குப் பணியாமல் குதிப்பது இரண்டும் சார்ஜரிலிருந்து இரைச்சல் வருகிறது என்பதன் அடையாளம். அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். உலோக ஓரத்தைத் தொட்டால் மெல்லிய கூச்சம் மட்டும் இருந்தால் அது இரண்டு முனை சார்ஜர்களில் சாதாரணமாக வரும் கசிவு. சுள்ளென்று இழுத்தால் சாதாரணம் இல்லை.

வாங்கும்போது சார்ஜர்மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதன் கீழே "ஆர்-" என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் பாருங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் சிஆர்எஸ் (கட்டாயப் பதிவுத் திட்டம்) எண் சரிபார்க்கும் இடத்தில் அந்த எண்ணை அடித்தால் கம்பெனி பெயரும் பொருளும் வரும். சார்ஜர் எண்ணை அடித்து வேறு பொருள் வந்தால், அது போலி அச்சு. பவர் பேங்குக்கும் இதே சோதனை.

---

குண்டாறு:

நன்றி எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம் பாக்கி. ராத்திரி முழுக்க சார்ஜில் விடலாமா, 80 சதவீதத்தில் நிறுத்தணுமா? பழைய ஐபோன் என்றால் பேட்டரி மாற்றினதா, கள்ளமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

மின்னழுத்தம் பதில்:

ராத்திரி விடலாம், நிரம்பினால் போனே நிறுத்திக்கொள்ளும். தேய்மானம் மட்டும்தான் கணக்கு. முழுசாக நிரம்பிய செல் இன்றைய போன்களில் 4.4 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அந்த வோல்டேஜும் வெக்கையும் சேர்ந்து எட்டு மணி நேரம் நின்றால் எலக்ட்ரோலைட் சிதையும், வாயு உண்டாகும், செல் மெல்ல உப்பும். 80 சதவீதத்தில் அந்த அழுத்தம் நன்றாகக் குறையும். அப்பா வீட்டிலேயே இருப்பவர் என்றால் 80 போதும்.

இங்கே ஐபோன் 13-க்கு ஒரு குறை: 80 வரம்பு வைக்கும் வசதி ஐபோன் 15-லிருந்துதான். 13-இல் ஆப்டிமைஸ்டு சார்ஜிங் (80-இல் நின்று, போனை எடுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிரப்புவது) மட்டும், அதுவும் தினம் ஒரே நேரத்தில் எழுந்திருப்பவருக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும். சாம்சங்கில் பேட்டரி புரொடெக்ஷன் போய் மேக்ஸிமம் என்று வைத்தால் 80. மற்ற பல பிராண்டிலும் பேட்டரிப் பகுதியில் இதே வகை வசதி இருக்கு, கடையில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

உப்பியதைக் கண்டுபிடிக்க: போனைக் கண்ணாடி மேஜையில் திரை மேல்பார்த்து வைத்து மூலையைத் தட்டினால் ஆடும் அல்லது சுழலும். இருட்டில் திரை ஓரத்தில் வெளிச்சக் கீற்று கசியும். ஐபோனில் திரை ஒரு பக்கம் நகம் நுழையும் அளவு தூக்கும், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பின்மூடி தூக்கும். கண்டால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றெடுக்கிற வேலை கூடவே கூடாது. அணைத்து, உலோகத் தட்டில் வைத்து, துணி காகிதம் இல்லாத இடத்தில் தள்ளி வைத்துவிட்டு சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள்.

புகை வந்தால்: பிளக்கில் இருந்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள், ஆளை வெளியேற்றுங்கள், அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், மூச்சில் இழுக்கக் கூடாது. மின்தொடர்பு துண்டித்த பிறகு தண்ணீர் நிறைய ஊற்றலாம். போன் அளவு பேட்டரிக்குத் தண்ணீர்தான் சரி, செல்லைக் குளிர வைத்தால்தான் நிற்கும். மணல் மூடுமே தவிர சூட்டை இறக்காது, ஐஸ் போட்டு மூடுவதும் தப்பு. அணைந்த மாதிரி தெரிந்தாலும் திரும்பப் பற்றும், கையில் எடுக்காதீர்கள்.

---

பழையபெட்டி பதில்:

பழைய ஐபோன் பார்க்கும் முறை, வரிசையாக.

செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட். மாடல் நம்பரின் முதல் எழுத்து எம் என்றால் புதுசாகக் கடையில் விற்றது, எஃப் என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது, என் என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. அதே பக்கத்தில் கீழே பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி இருந்தால் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். "ஜெனுவின் ஆப்பிள் பார்ட்" என்று இருந்தால் சந்தோஷம், "அன்னோன் பார்ட்" என்றால் விலகுங்கள். அந்தப் பகுதியே இல்லை என்றால் பேட்டரி பழசு, போனோடு வந்தது.

பேட்டரி ஹெல்த் 85-க்கு மேல் இருந்து, பார்ட்ஸ் ஹிஸ்டரியும் இல்லை என்றால் நம்பலாம். நாலு வருஷப் போனில் 100 சதவீதம், ஹிஸ்டரியும் இல்லை என்றால் எண்ணில் கைவைத்திருக்கிறார்கள். 13-இல் சைக்கிள் (சார்ஜ் சுற்று) எண்ணிக்கை செட்டிங்ஸில் தெரியாது, மேக்கில் கோகனட்பேட்டரி, விண்டோஸில் 3யூடூல்ஸ் போட்டு கேபிள் செருகினால் வரும். ஐபோன் 14 வரை ஆப்பிள் கணக்கு 500 சுற்றுக்கு 80 சதவீதம். 15-லிருந்து அது 1000.

கன்ட்ரோல் சென்டரில் வெளிச்சக் கோட்டை அழுத்திப் பிடியுங்கள், ட்ரூ டோன் (சுற்று வெளிச்சத்துக்கேற்பத் திரை நிறத்தை மாற்றும் வசதி) இல்லையென்றால் திரை மாற்றியது. திறந்து மூடிய போனில் தண்ணீர் காப்பு பழையபடி இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஐஎம்இஐயை (போனின் 15 இலக்க அடையாள எண்) எடுத்து கேஒய்எம் என்று அடித்து இடைவெளி விட்டு 15 இலக்கம் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், திருட்டுப் பட்டியலில் இருந்தால் பதிலில் தெரியும். விற்பவர் முன்னாலேயே முழுசாக ரீசெட் செய்து, ஆக்டிவேஷன் லாக் (பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குப் பூட்டு) கேட்காமல் முகப்புவரை வந்தபிறகு பணம் கொடுங்கள்.

என் தீர்ப்பு கேட்டால், பேட்டரி பழசு என்றால் அதிகாரபூர்வ சர்வீஸில் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசணும். கழித்தால் 30,000-க்குள் அடங்குவது கஷ்டம். மைக்கில் தமிழ் பேசுபவர், ரெண்டு பிளாஸ்டிக் சிம், வெக்கை அறை, இந்த மூணுக்கும் புது ஆண்ட்ராய்டு பக்கம்தான் தராசு சாயுது. கம்பெனி எத்தனை வருஷம் அப்டேட் தருது என்று எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். சாம்சங் ஏ16 5ஜி மாதிரிச் சாதாரணப் போனுக்கே 6 வருஷம் சொல்லியிருக்கு, அதனால் 2 வருஷம் தருகிறவனை இன்றைக்கு வாங்க வேண்டியதில்லை.

---

நூல்கண்டு பதில்:

ஒருவேளை ஐபோன் பக்கமே போனால்: அப்பாவின் பழைய ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் சாட் எல்லாம் வேணும் என்றால், ஐபோனை முதல்முறை செட் பண்ணும்போதே மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியாக வாட்ஸ்அப்பையும் டிக் செய்து மாற்றணும். ரெண்டு போனும் சார்ஜில், ஒரே வைஃபையில், அதே நம்பர். செட்டப் முடித்து முகப்பு வந்துவிட்டால் ஐபோனை ரீசெட் பண்ணித்தான் திரும்ப முயலணும். கடைக்காரர் உதவி பண்றேன் என்று செட்டப்பை முடித்துக் கையில் கொடுப்பார், முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.